பன்னிரண்டாவது ஊசி

“பதினொண்ணுதான் இருக்கு.”

பாய்லர்காரர் ஊசிகளை மேசைமேல் வரிசையாக அடுக்கி, விரலால் தொட்டுத் தொட்டு இன்னொரு தடவை எண்ணினார். காலையில் எழுந்து இன்னும் முகம்கூடக் கழுவவில்லை.

“நல்லா எண்ணிப் பாருங்க,” என்றாள் மனைவி.

“இருபத்தெட்டு வருஷம் ஃபேக்டரியில பாய்லர் பார்த்தவன். எனக்கா எண்ணத் தெரியாது? உள்ள எடுத்துட்டுப் போன ஸ்பேனர் அத்தனையும் வெளிய வந்தாத்தான் மூடியே போடுவேன். நேத்துத்தான், கடைசித் தையல் முடிஞ்ச குஷியில எண்ணாம படுத்துட்டேன்.”

“அப்போ போர்வைக்குள்ளதான் மாட்டியிருக்கும்.”

பிறக்கப்போகும் பேரக்குழந்தைக்காகத் தைத்த ஒட்டுத்துணிப் போர்வை அது. டாக்டர் சொன்ன தேதிக்கு இன்னும் பத்து நாள் இருந்தது. பச்சைக் குழந்தையின் முதுகுக்கடியில் ஓர் ஊசி என்று நினைத்ததுமே அவருக்கு வியர்த்துவிட்டது.

இத்தனைக்கும் அந்த ஊசிகள் அவரை அமைதிப்படுத்த வந்தவை. வேலைக்காலத்தில் ஒரு பாய்லரின் பிரஷரைக்கூட எல்லை மீறவிடாத மனுஷன், ஓய்வு பெற்றதும் சொந்தப் பிரஷரிடம் தோற்றுப்போனார். மகள் கர்ப்பம் என்றதும் இன்னும் மோசம். போன மாதம் அவளுக்குப் பொய்வலி வந்தபோது ஆஸ்பத்திரிக்கு முதல் ஆளாக ஓடினார். பிரசவ அறை வாசலில் டாக்டரை மறித்து, “உள்ள இருக்கிற மெஷினெல்லாம் கடைசியா எப்போ சர்வீஸ் பண்ணீங்க?” என்று கேட்டார். பதில் வருவதற்குள் மயங்கி விழுந்தார். மகள் அன்று சாயங்காலமே வீடு திரும்பிவிட்டாள். அவரை இரண்டு நாள் கழித்துத்தான் விட்டார்கள்.

அதன் பிறகு துணித்துண்டு, பஞ்சு, நூல், பன்னிரண்டு ஊசி எல்லாம் மகளே வாங்கி வந்து கொடுத்தாள். “அப்பா, கவலை வந்தா இதைத் தைங்க. எனக்குப் போன் பண்ணாதீங்க.”

தைத்தார். நடுத்துண்டில் கிராஸ் ஸ்டிட்சில் ஒரு வாத்து. கட்டம் எண்ணுவதில் ஒன்று தவறியதில் வாத்துக்கு முதுகில் திமில் முளைத்துவிட்டது. “ஒட்டகம் நல்லா நீந்துதே,” என்றாள் மனைவி. பக்கத்து வீட்டுக்காரர் அவரை ‘டெய்லர்’ என்று கூப்பிட ஆரம்பித்தார். எல்லாவற்றையும் பொறுத்துக்கொண்டார். ஏனென்றால் ஊசி உள்ளே போய் வெளியே வரும் அந்த நேரத்தில் மட்டும் மண்டைக்குள் இரைச்சல் நின்றது. வேறு எந்த மாத்திரைக்கும் அது நின்றதில்லை.

இப்போது அந்த இரைச்சல் திரும்பியிருந்தது. பழைய ஸ்பீக்கரைக் கழற்றி, அதிலிருந்த காந்தத்தைப் போர்வை முழுக்க ஓட்டிப் பார்த்தார். எதுவும் ஒட்டவில்லை.

“உள்ள இல்ல போலிருக்கே.”

“அவ்வளவு பஞ்சுக்குள்ள காந்தம் எப்படிங்க இழுக்கும்? பிரிச்சுத்தான் பார்க்கணும்.”

“முழுசுமா? ஒரு மாச வேலை இது!”

“குழந்தையைக் குத்திட்டா?”

அவர் கத்தரிக்கோலை எடுத்து வந்தார். தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, ஒவ்வொரு தையலாக அறுத்துப் பிரித்தார். மனைவியின் போன் அடித்தது. பால்கனிக்குப் போய்ப் பேசிவிட்டு வந்தாள்.

“யாரு?”

“என் தங்கச்சி. வீட்டுல மோட்டார் ஓடலையாம்.”

அரை மணிக்கொரு தரம் அந்த மோட்டார் ஓடாமல் போனது. நடுநடுவே அவள் கூடத்துக்கும் பால்கனிக்குமாக நடந்துகொண்டே இருந்தாள்.

“நீ எதுக்கு இப்படி அலையற?”

“எல்லாம் உங்க ஊசிக் கவலைதான். அந்த ஒட்டகத்தைப் பிரிச்சுப் பார்த்தீங்களா?”

“அது வாத்து.”

“திமிலுக்குள்ள இருந்தாலும் இருக்கும்.”

திமிலையும் பிரித்தார். மதியத்துக்குள் மூன்று பக்கம் திறந்துவிட்டது. பஞ்சைப் பிடிபிடியாக எடுத்து, விரலால் பிய்த்துப் பார்த்து ஓரமாகப் போட்டார். கூடம் முழுக்க ஆட்டு ரோமம் கத்தரித்த பட்டி மாதிரி ஆனது. இரண்டு மணி வாக்கில், காலையிலிருந்து மகளைப் பற்றி ஒரு தடவைகூடக் கவலைப்படவில்லை என்பது அவருக்கு உறைத்தது. நல்ல அப்பன்தான் என்று தன்னையே திட்டிக்கொண்டு அடுத்த பிடிப் பஞ்சை எடுத்தார்.

போன் மறுபடி அடித்தது. இந்த முறை மனைவி பால்கனிக்குப் போகவில்லை. கேட்டுக்கொண்டே பஞ்சுக் குவியலின் மேல் பொத்தென்று உட்கார்ந்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு போனை நீட்டினாள்.

“மாப்பிள்ளை. பேசுங்க.”

“மாமா, பொண்ணு பிறந்திருக்கா! ரெண்டு பேரும் நல்லா இருக்காங்க.”

“பத்து நாள் இருக்குன்னாங்களே! வலி எப்போ வந்துச்சு?”

“காலையில அஞ்சரைக்கே வந்துடுச்சு மாமா. அத்தைகிட்ட உடனே சொல்லிட்டோமே!”

அவர் மெதுவாகத் திரும்பிப் பார்த்தார். மனைவி தன் கைப்பையைத் திறந்து, காகிதத்தில் சுற்றிவைத்திருந்த ஓர் ஊசியை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தாள்.

“அடிப்பாவி! நீயா எடுத்தே?”

“பெத்தவ நான் அங்க போகாம உங்களுக்குக் காவல் இருந்திருக்கேன், நானா பாவி? ‘வலி வந்துடுச்சும்மா, அப்பா முழிக்கறதுக்குள்ள ஒரு ஊசியை எடுத்து ஒளிச்சு வெச்சுடு’ன்னு ஆஸ்பத்திரிக்குப் போற வழியில சொன்னதே உங்க பொண்ணுதான்!”