நினைவில் இல்லாத வழி

வீட்டு வாசலில் காரை நிறுத்தியபோதும் எபனேசர் மேலாளரோடு போனில் பேசிக்கொண்டுதான் இருந்தான். வெளியே வந்த மனைவி கிரேசி, காரின் இடப்பக்கக் கண்ணாடி மடங்கிக் கிடந்ததைப் பார்த்து, அதில் சிக்கியிருந்த எதையோ பிரித்தெடுத்தாள். பள்ளிக்கூடப் பிள்ளைகள் சடையில் கட்டும் சிவப்பு ரிப்பன். நாலைந்து முடிகளும் அதோடு வந்தன.

“என்னங்க, இது எப்படி வந்துச்சு?”

அவன் யோசித்துப் பார்த்தான். சந்தை, பாலம், பள்ளிக்கூடம் எதையும் கடந்து வந்ததாகவே நினைவில்லை. மேலாளர் சொன்னது மட்டும் ஒரு வார்த்தை விடாமல் ஞாபகம் இருந்தது. போனை அவள் கையில் கொடுத்துவிட்டு வந்த வழியே காரைத் திருப்பினான்.

பள்ளிக்கூடத்து வளைவில் கூட்டம் நின்றது. டீக்கடைக்காரர் கைகாட்டி நிறுத்தினார்.

“மெதுவாப் போங்க சார். ஒரு பிள்ளைய இடிச்சுப்போட்டு எவனோ நிக்காமப் போயிட்டான். ஆஸ்பத்திரில இன்னும் கண்ணு முழிக்கலையாம். வண்டிய யாருமே பாக்கல. நீங்க பாத்தீங்களா?”

எபனேசர் மடங்கிய கண்ணாடியைப் பார்த்தான். இல்லையென்று தலையை ஆட்டிவிட்டுப் போய்விடலாம்.

“நானும் பாக்கலண்ணே,” என்றபடி இறங்கினான். கார்க் கதவைச் சாத்தினான். “ஆனா ஓட்டுனது நான்தான்.”