கண் கழுவும் தொட்டி

"இன்னும் எத்தனை நிமிஷம் மச்சான்?" என்று அவன் கேட்டபோது நான்கு நிமிடம்கூட ஆகியிருக்கவில்லை.

ஆண்கள் கழிப்பறை வாஷ்பேசினில் அவன் தலையைச் சாய்த்து அமுக்கிப் பிடித்திருந்தேன். குழாய்த் தண்ணீர் நேராக வலது கண்ணில் விழுந்துகொண்டிருந்தது.

இமை தானாக மூடிக்கொள்ளப் பார்த்தது. இரண்டு விரலால் விரித்துப் பிடித்தேன். சோப்பு தடவியதுபோல வழுக்கியது. காஸ்டிக் சோடா பட்ட தோல் அப்படித்தான் வழுக்கும். வழுக்கல் இருக்கும்வரை அது உள்ளே தின்றுகொண்டிருக்கிறது என்று அர்த்தம்.

என் தங்கையின் புருஷன் அவன். கல்யாணத்துக்கு முன்பே இதே பாட்டில் கழுவும் பிரிவில் என்னோடு வேலை பார்த்தவன். அதனால் மாப்பிள்ளை மரியாதையெல்லாம் வீட்டு வாசலோடு சரி.

ஃபோர்மன் கைக்கடிகாரத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. பதினைந்து நிமிடம், ஒரு நொடி குறையக் கூடாது. வருடத்துக்கு ஒருமுறை பயிற்சி வகுப்பில் சொல்வார்கள். நாங்கள் டீ எப்போது வரும் என்று பார்த்துக்கொண்டிருப்போம்.

நடந்தது பெரிய விஷயமே இல்லை. பீப்பாயிலிருந்து காஸ்டிக்கை பம்ப் செய்யும்போது குழாயின் கிளிப் நழுவியது. பாதுகாப்புக் கண்ணாடியில் ஆவி படிந்து ஒன்றும் தெரியவில்லை என்று அதை நெற்றிக்கு ஏற்றிவிட்டிருந்தான். அரை நிமிட வேலைதானே என்று எல்லோரும் செய்வதுதான். நானும் செய்திருக்கிறேன்.

அவன் அலறியதும் முதலில் ஓடியவன் நான்.

பம்பிலிருந்து ஆறடியில், சுவரோரம், பச்சைப் பெயின்ட் அடித்த கண் கழுவும் தொட்டி நிற்கிறது. அதன் தட்டை அழுத்தினால் இரண்டு குழாய் மூக்கிலிருந்தும் தண்ணீர் மேலே பீய்ச்ச வேண்டும். அவன் முகத்தை அதன்மேல் கவிழ்த்துத் தட்டை ஓங்கி அழுத்தினேன்.

ஒரு சொட்டு வரவில்லை.

"என்னய்யா ஆச்சு இதுக்கு?" என்று என் தோளுக்குப் பின்னாலிருந்து ஃபோர்மனின் குரல் கேட்டது.

பாத்ரூமுக்குத் தூக்குங்கள் என்று கத்தியதும் நான்தான். பீப்பாய்களைச் சுற்றி, கன்வேயருக்கு மேலே ஏறி இறங்கி, பேக்கிங் மேசைகளைத் தாண்டி அவனை இழுத்துக்கொண்டு ஓடினோம். வழியெல்லாம் கத்தினான். இன்னும் என் காதில் இருக்கிறது.

இப்போது பேக்கிங் பெண்கள் கழிப்பறை வாசலில் கூடி நின்று முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தார்கள். கூடப் பிறந்தவன்கூட இப்படிச் செய்ய மாட்டான் என்று ஒருத்தி சொன்னாள். சமயத்தில் மூளை வேலை செய்ததே என்றார் மெஷின் ஆப்பரேட்டர்.

நான் தலை நிமிரவில்லை. இடது கண்ணைக் குழாய்க்கு நேராகத் திருப்பினேன். அதில் தெறித்தது கொஞ்சம்தான், சிவந்திருந்தது, அவ்வளவுதான். வலது கண்ணில் கருவிழிமேல் பால் படர்ந்ததுபோல ஒரு வெள்ளை ஏறியிருந்தது. தேய்த்தால் போய்விடும்போல இருந்தது. தங்கையின் முகத்தில் எப்படி விழிப்பேன்?

அவனுக்கும் அவள் நினைவுதான் போலிருக்கிறது.

"இனிமே உங்க தங்கச்சி முறைக்கிறது பாதிதான் தெரியும் மச்சான். ஒரு விதத்துல நல்லதுதான்."

எல்லோரும் சிரித்துவிட்டார்கள். அவனும் சிரிக்கப் பார்த்தான். தண்ணீர் வாய்க்குள் போய்ப் புரையேறி, இருமி, அப்படியே அழ ஆரம்பித்தான். வாஷ்பேசினின் விளிம்பை விட்டுவிட்டு என் சட்டையைப் பிடித்துக்கொண்டான்.

பதின்மூன்றாவது நிமிடத்தில் ஆம்புலன்ஸ் நர்ஸ் உள்ளே வந்தார். நான் பிடித்திருந்த விதத்தைப் பார்த்து, அப்படியே பிடித்திருக்கச் சொன்னார். பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்டார். கண்ணில் பட்டு எவ்வளவு நேரம் கழித்து முதல் தண்ணீர் விட்டீர்கள்? காஸ்டிக்குக்கு அதுதான் கணக்கு, நொடிக்கு நொடி உள்ளே இறங்கிக்கொண்டே போகும் என்றார்.

நான் வாயைத் திறப்பதற்குள் அவன் பதில் சொல்லிவிட்டான்.

"உடனே மேடம். அந்தத் தொட்டில தண்ணி வரல, அதுக்கு இவர் என்ன பண்ணுவாரு? என் மச்சான் ஒரு செகண்டு வீணாக்கல."

நர்ஸ் எழுதிக்கொண்டார்.

அந்தத் தொட்டியின் மேல் ஒரு அட்டை தொங்குகிறது. திங்கள்தோறும் தட்டை அழுத்திப் பார்த்து அதில் டிக் போட்டுக் கையெழுத்திடுவது என் பொறுப்பு. இரண்டு மாதத்துக்கு முன் தட்டு சரியாகப் பொருந்தாமல் சொட்டிக்கொண்டே இருந்தது. தரையைத் துடைத்து மாளவில்லை. பிளம்பரைக் கேட்டு எழுதிக் கொடுக்கச் சோம்பல்பட்டு, அடியிலிருக்கும் வால்வை நானே மூடினேன். திங்கட்கிழமை டிக்கை மட்டும் ஒருநாளும் விடவில்லை.

பதற்றத்தில் அது மறந்துபோயிருந்தால்கூட மனது ஆறும்.

மறக்கவில்லை. தட்டை அழுத்திய அந்த நொடியிலேயே நினைவு வந்துவிட்டது. வால்வின் கைப்பிடி என் முழங்காலுக்கு நேராகத்தான் இருந்தது. குனிந்து கால்வாசி திருப்பினால் போதும். ஆனால் ஃபோர்மன் தோளுக்குப் பின்னால் நின்றார். மூடியிருப்பது உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்டிருப்பார்.

அங்கிருந்து இங்கே ஓடிவர ஒரு நிமிடமாவது ஆகியிருக்கும்.

"பதினஞ்சு ஆச்சுப்பா, விடு" என்றார் ஃபோர்மன்.

என் விரல்கள் இமையை விடவில்லை.

"இன்னும் ஒரு நிமிஷம் சார்" என்றேன்.