கம்பி கட்டிய வால்வு

கொதிகலன் அறை அலமாரியில் ஒரு சட்டப் புத்தகமும், பொறியாளர்கள் எழுதிய கையேடும் இருந்தன. கீழே கொதிகலன் தலையில் பாதுகாப்பு வால்வு பதறிக்கொண்டிருந்தது. அடிக்கடி சீறுகிறதென்று மேஸ்திரி அதைக் கம்பியால் இறுக்கிக் கட்டியிருந்தார்.

“கையேட்டண்ணே, அழுத்தம் பத்தைத் தாண்டிடுச்சு. பத்துல நான் திறக்கணும்னு நீங்கதானே எழுதியிருக்கீங்க? கம்பியை அவிழ்க்கச் சொல்லுங்க, மேஸ்திரி கேப்பாரு,” என்றது வால்வு.

“எழுதியிருக்கேன் தம்பி. ஆனா நான் சட்டமில்லையே, வெறும் யோசனை. பெரியவரைக் கேளு.”

சட்டப் புத்தகம் செருமியது. “பாதுகாப்பா இருக்கணும்னுதான் நான் சொல்றேன். எத்தனையில திறக்கணும்கிறது கையேட்டோட விவகாரம்.”

“பன்னிரண்டு!” என்று வால்வு அலறியது. “யாராவது ஒருத்தர் சொல்லித் தொலைங்களேன்!”

“நீங்க சொல்லுங்க,” என்றது கையேடு.

“முதல்ல நீங்க,” என்றது சட்டப் புத்தகம்.

மறுநாள் கூரை பறந்துபோன அந்த அறைக்கு விசாரணை அதிகாரி வந்தார். நனைந்த கையேட்டைத் தேடியெடுத்து, “பத்தில் திறக்க வேண்டும்” என்ற வரியைச் சத்தமாகப் படித்து, அதை மீறியதே குற்றம் என்று எழுதிக்கொண்டார்.

“அப்போ நானும் சட்டந்தானா?” என்று கையேடு மெல்லக் கேட்டது.

பக்கத்து வயலில் வால்வு கிடந்தது. கம்பி அவிழவே இல்லை.