ஆசீரின் குரல்

ஆள்மேல் நீட்டியதும் துப்பாக்கி ஒருமுறை பேசித் தடுக்க வேண்டும் என்று சட்டம் வந்தபோது, துப்பாக்கிக்கான குரலைக் கொடுத்தது போதகர் தயாளனின் சபைதான். சபையின் பாடகர் குழுவில் பாடி, ஒரு நாள் தெருவில் சுடப்பட்டு இறந்துபோன ஆசீரின் குரல் அது. "வேண்டாம்ணே, வீட்டுக்குப் போங்க" என்று துப்பாக்கிக்குள்ளிருந்து அவன் கெஞ்சியதில் எத்தனையோ கைகள் தாழ்ந்தன.

ஆசீரின் தாய் ஜெபக்கனியின் வீட்டுக்கு ஜெபிக்கப் போன தயாளன், வேதப்புத்தகத்தின் பக்கத்தில் ஒரு துப்பாக்கியைக் கண்டு திகைத்தார்.

"உங்க வீட்டுலயாம்மா?"

"பிள்ளை குரலைக் கேக்கணும்லா, ஐயா."

"ஆள்மேல நீட்டினாத்தானே அது பேசும். இங்க நீங்க மட்டும்தானே இருக்கீங்க?"

ஜெபக்கனி தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டினாள்.

"அம்மான்னு அவனுக்குத் தெரியல. என்னையும் அண்ணேன்னுதான் கூப்பிடுதான்."