சர்க்கரைக் கிடங்கின் கதவு

“இந்தக் கதவுக்கு வயசு இருநூத்து முப்பது சார்,” என்றாள் ஹெஸ்டர். வந்தவர் அந்த ஓக் பலகையைத் தடவித் தடவிப் பார்த்தார்.

“மாத்தாம வச்சிருக்கீங்களே, புண்ணியமாப் போகும்!” என்றவர், தானே அதை இழுத்து அழுத்திச் சாத்தினார்.

ஹெஸ்டருக்கு நம்பிக்கை பிறந்தது. பதினோரு மணிக்கு வீடு பார்க்க ஆள் வரும் என்று தரகர் சொல்லியிருந்தார். வாசல் மணி அடித்ததும், வந்தவர் வாய் திறப்பதற்குள் உள்ளே அழைத்து வந்துவிட்டாள். இதை விற்றால்தான் ஸ்வான்சீயில் இருக்கும் மகளிடம் போக முடியும். இரண்டு வருடமாக இந்தச் செங்கல் கூண்டுக்குள் மாட்டிக்கொண்டு முழிக்கிறாள்.

“மூணாவது ஜார்ஜ் ராஜா காலத்துக் கிடங்கு சார், அப்புறம்தான் வீடுகளாப் பிரிச்சாங்க. கப்பல்ல வந்த சர்க்கரைப் பீப்பாய்க்கெல்லாம் கயிறு கட்டி, இந்த ஜன்னலுக்கு வெளியிலதான் மேல ஏத்துவாங்க.”

“அந்தச் சர்க்கரைக்குக் கரும்பு வெட்டினது அடிமைங்க. அதையும் சேர்த்துச் சொல்லுங்க,” என்றார் அவர், உத்தரங்களை அண்ணாந்து பார்த்தபடி. “சுவர் ரெண்டடி இருக்கும். ஜன்னல் கம்பிகூடப் பழசுதான். அருமை!”

முன்பு வந்தவர்கள் எல்லாம் வந்ததும் வராததுமாகப் பராமரிப்புக் கட்டணம் எவ்வளவு என்றுதான் கேட்டார்கள். இவர் விலையைக்கூடக் கேட்கவில்லை. ரசனையுள்ள மனுஷன் என்று ஹெஸ்டர் பூரித்துப்போனாள்.

கிளம்பும்போது கதவு திறக்கவில்லை. பிரிஸ்டல் மழையில் ஊறிய பலகை சட்டத்தில் இறுகியிருந்தது. இருவரும் சேர்ந்து இழுத்ததில் பிடிதான் கையோடு வந்தது.

அக்கம்பக்கத்தார் எல்லாம் வேலைக்குப் போயிருந்தார்கள். கட்டட மேற்பார்வையாளரைப் போனில் பிடித்தால், வந்து சேர ஒரு மணி நேரமாகும் என்றார்.

“ஒரு மணி நேரமா?” வந்தவர் முகம் வெளுத்தது. “அடைச்ச இடம்னா எனக்கு ஆகாதும்மா. லிஃப்ட்லகூட ஏற மாட்டேன்.” சட்டைப் பொத்தானைப் பிய்த்தார். ஜன்னல் கம்பிகளுக்கு நடுவே மூக்கை நுழைத்துப் பார்த்தார். கடைசியில் தரையிலேயே சரிந்து உட்கார்ந்துவிட்டார்.

ஹெஸ்டர் தவித்தாள். வெளியேற இன்னொரு வழி இருந்தது. ஆனால் அதைக் காட்டினால் வியாபாரம் போச்சு. அவளை விட்டுப் போன கணவன் டெரெக், மிதிவண்டியைச் சுற்றித் தூக்கி வரச் சோம்பல்பட்டு, புத்தக அலமாரிக்குப் பின்னால் பக்கத்து மாடிப்படிக்குப் போகச் சுவரையே குடைந்துவைத்திருந்தான். சட்டப்படி பாதுகாக்கப்பட்ட பழங்கட்டடத்தில் அனுமதியில்லாமல் சுவரை இடித்தால் குற்றம். இடித்தவன் ஓடிவிட்டாலும், பழையபடி கட்டித் தர வேண்டியவள் அவள்தான். அதுவரை வீட்டை யாரும் தொடமாட்டார்கள்.

“அம்மா... மூச்சு...”

“விக்காட்டிப் போகுது, எந்திரிங்க!” ஹெஸ்டர் அலமாரியைத் தள்ளினாள். அவரைக் கைத்தாங்கலாக ஓட்டை வழியே அந்தப் பக்கம் கொண்டுபோனாள்.

படியில் உட்கார்ந்து அவர் காற்றை அள்ளி அள்ளிக் குடித்தார். முகத்தில் மெல்ல ரத்தம் திரும்பியது.

“சார், இதை வெளியில சொல்லிடாதீங்க. எவ்வளவு வேணும்னாலும் குறைச்சுக்கறேன். என்னை இங்கேருந்து விடுவிச்சா போதும்,” என்று கெஞ்சினாள் ஹெஸ்டர். அவர் இடிந்த சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

உள்ளே தடாலென்று சத்தம். வெளியிலிருந்து யாரோ தோளால் ஓர் இடி இடித்ததில், அந்தக் கதவு சமர்த்தாகத் திறந்துகொண்டது. நனைந்த குடையோடு ஒரு பெண் எட்டிப் பார்த்தாள்.

“மன்னிச்சுக்குங்க, பஸ் லேட்டு. வீடு பார்க்க வர்றதாச் சொல்லியிருந்தேனே, நான்தான்.”

ஹெஸ்டர் மெதுவாகத் திரும்பினாள். “அப்ப நீங்க?”

அவர் கோட்டுப் பையிலிருந்து அடையாள அட்டையை எடுத்து நீட்டினார். பழங்கட்டடப் பாதுகாப்பு அதிகாரி என்றிருந்தது.

“வாசல்லயே சொல்ல வந்தேன், நீங்க பேச விடலை. இந்த ஓட்டையைத் தேடித்தாம்மா வந்தேன்.”