வட்டம் வரும்வரை

கொய்யா மரத்திலிருந்து விழுந்ததில் முறிந்த வலது முழங்கையை, இரு கம்பிகள் செருகி நேராக்கியிருந்தார் டாக்டர் செரின். எலும்பு கூடிவிட்டது, கம்பிகளையும் எடுத்தாயிற்று. நசுங்கிய நரம்பு மட்டும் மாதக்கணக்காக விழிக்கவில்லை. ஆறு வயது நிறைமதியின் கட்டைவிரலும் சுட்டுவிரலும் நுனியில் மடங்கி வட்டமாகச் சேர வேண்டும். அவையோ இரண்டு பலகைகளைப் போலத் தட்டையாக ஒட்டிக்கொண்டன. இன்றும் வட்டம் வராவிட்டால் மறுபடியும் அறுவை செய்து கையைத் திறக்க வேண்டும்.

"நேத்து வீட்ல வந்துச்சு டாக்டர்," என்றாள் அம்மா.

"எனக்கும் கொஞ்சம் காட்டச் சொல்லுங்க."

"ரெண்டு பேரும் இப்படி முறைச்சா எப்படி வரும்?" என்று சீறினாள் நிறைமதி. "அந்தப் பக்கம் திரும்புங்க. அம்மா, நீயும்தான்."

இருவரும் சுவரை நோக்கித் திரும்பி நின்றார்கள். டாக்டரின் விரல்கள் கோட்டுப் பைக்குள் தாமாகவே ஒரு வட்டத்தைப் போட்டு இறுக்கிக்கொண்டிருந்தன. பின்னால் மூச்சை இழுத்துப் பிடிக்கும் ஓசை கேட்டது. செவிலியர் கதவைத் திறந்து, "அடுத்தவங்களை அனுப்பட்டுமா?" என்றார்.

"இருக்கச் சொல்லுங்க," என்றார் டாக்டர், திரும்பாமலே.

"இடது கையால தொடல, சத்தியமா," என்றது பின்னாலிருந்து குரல். "இன்னும் யாரும் திரும்பக் கூடாது."