இரண்டு முழத் தூரம்

டோக்கியோ ஸ்டூடியோவின் கண்ணாடிக் கூரைமேல் மேகம் நகராமல் நிற்கிறது. வெயில் வந்தால்தான் படம் பிடிக்க முடியும். பத்து வருடமாகப் பேசாப் படங்களில் பெண் வேடம் போடும் ஷிகேமாட்சு, கிமோனோவின் கழுத்துப்பட்டையை ஏற்றுவதும் இறக்குவதுமாக இருக்கிறான். எப்போதும் எட்டத்தில் நிற்கும் கேமரா இன்று இரண்டே முழத்தில் நிற்கிறது. "கொஞ்சம் பின்னால தள்ளக்கூடாதாண்ணே?" என்கிறான். "முகம் பெருசா தெரியணுமாம், முதலாளி உத்தரவு. உன் குரல்வளை ஏறி இறங்குறதுதான்யா எனக்குக் கவலை," என்கிறார் கேமராக்காரர். சுவரோரம், முதன்முதலாக நடிக்க வரவழைத்திருக்கும் நிஜப் பெண்ணொருத்தி அதே மாதிரிக் கிமோனோவில் தேநீர் குடிக்கிறாள். விழுங்கும்போது அவள் கழுத்தில் எதுவும் துருத்தவில்லை. ஷிகேமாட்சு அதையே பார்க்கிறான். வாயில் எச்சில் சேர்கிறது. சட்டென்று வெயில் கொட்டுகிறது. கேமராவின் கைப்பிடி கடகடவென்று சுழல்கிறது. அழ வேண்டிய காட்சி. ஷிகேமாட்சு எச்சிலை விழுங்காமலே அழுகிறான்.